ஆன்ஃபீல்டில் ஆட்டம் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு

எங்கள் ஊர் தூத்தூர். குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில், கேரள எல்லைக்குச் சற்று முன்னால் இருக்கிறது. ஆண்கள் ஆழ்கடலுக்குப் போவார்கள்; கரையில் இருக்கும் நாட்களில் பந்து விளையாடுவார்கள். சந்தோஷ் டிராபியில் தமிழ்நாட்டுக்காக ஆடியவர்கள் எங்கள் கரையில் பலர் உண்டு. அண்ணன் விசைப்படகில் போகிறார். நான் மார்த்தாண்டத்தில் இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். 2005 மே மாதம் இஸ்தான்புல்லில் மிலானுக்கு எதிராக மூன்று கோல் பின்தங்கியிருந்த லிவர்பூல், மூன்றையும் திருப்பி அடித்து பெனால்டியில் ஜெயித்ததே, அந்த இறுதியாட்டத்தை நானும் அண்ணனும் விடியற்காலை வரை உட்கார்ந்து பார்த்தோம். ஒருநாள் இங்கிலாந்தில் லிவர்பூல் கிளப்பின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டுக்குப் போக வேண்டும் என்று அன்றைக்கு அண்ணன் சொன்னது நடக்க 19 வருடம் ஆனது.

2024 செப்டம்பரில் போய்வந்தோம். அதிலிருந்து வாரத்துக்கு ஒருவராவது கடைக்கு வந்து, "அண்ணே, எப்படிப் போனீங்க, எவ்வளவு ஆச்சு" என்று கேட்கிறார்கள். எல்லோருக்கும் சொல்வதை இங்கே ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். நாங்கள் செய்த ஒரு பெரிய தப்பும் இதில் இருக்கிறது. அதை நீங்கள் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் காலண்டர்

இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்துப் போட்டியான பிரீமியர் லீக்கில் 20 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 38 ஆட்டம். ஆகஸ்டில் தொடங்கி மே வரை நடக்கும். முழு அட்டவணை ஜூன் நடுவில் வெளிவரும். அதைப் பார்த்ததும் கை பரபரக்கும், ஒரு சனிக்கிழமையைக் குறித்து விமான டிக்கெட் போட்டுவிடத் தோன்றும். பொறுங்கள். அந்தத் தேதி உறுதியானது கிடையாது. எந்தெந்த ஆட்டத்தை நேரலையில் காட்டுவது என்று தொலைக்காட்சிக்காரர்கள் பிற்பாடுதான் தேர்ந்தெடுப்பார்கள். அப்படித் தேர்ந்தெடுத்த ஆட்டம் வெள்ளி இரவுக்கும் போகலாம், ஞாயிறு மாலைக்கும் போகலாம், திங்கள் இரவுக்கும் போகலாம். அணி வியாழக்கிழமை ஐரோப்பிய ஆட்டம் ஆடினால் அந்த வாரச் சனிக்கிழமை ஆட்டம் ஞாயிறுக்குத் தள்ளிப்போகும். ஆகவே அட்டவணையில் சனி என்று இருந்தால், வெள்ளியிலிருந்து திங்கள் வரை எந்த நாளும் ஆகலாம் என்று வைத்துக்கொண்டு, வியாழக்கிழமைக்குள் அந்த ஊரில் இருங்கள், செவ்வாய்க்குப் பிறகு கிளம்புங்கள்.

செப்டம்பர், அக்டோபர், நவம்பர், மார்ச் மாதங்களில் நாட்டு அணிகளின் ஆட்டங்களுக்காக லீக் நின்றுவிடும். அந்த வாரங்களில் போனால் ஆன்ஃபீல்டைப் பூட்டிய கதவோடு பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவுதான். டிசம்பர் 26ஆம் தேதி ஆட்டம் அங்கே பெரிய திருவிழா மாதிரி. ஆனால் அன்று ரயில்கள் பெரும்பாலும் ஓடாது. முதல் பயணத்துக்கு அந்த நாள் வேண்டாம்.

என் யோசனை இது: ஒரு ஆட்டத்தை நம்பிப் போகாமல் ஒரு ஊரையும் ஒன்றரை வாரத்தையும் நம்பிப் போங்கள். லிவர்பூலில் தங்கினால் அங்கேயே எவர்டன் என்ற இன்னொரு கிளப் இருக்கிறது. ஆற்றுக்கு அக்கரையில் டிரான்மியர் இருக்கிறது. ரயிலில் ஒரு மணி நேரச் சுற்றளவில் மான்செஸ்டரின் இரண்டு பெரிய அணிகளோடு விகன், போல்டன், பிரஸ்டன், ஸ்டாக்போர்ட் எல்லாம் உண்டு. ஒன்று கைவிட்டாலும் இன்னொன்று இருக்கும். எங்களைக் காப்பாற்றியது இதுதான்.

விசா

விசா கிடைக்கும்வரை விமான டிக்கெட்டுக்குப் பணம் கட்டாதீர்கள். விண்ணப்பத்துக்கு அது தேவையும் இல்லை. என்று போய் என்று திரும்புவதாக உத்தேசம் என்று சொன்னால் போதும்.

எடுக்க வேண்டியது சாதாரண வருகையாளர் விசா. ஆறு மாதம் செல்லும். நாங்கள் எடுத்தபோது கட்டணம் 115 பவுண்டு. 2025 ஏப்ரலில் 127 ஆக்கினார்கள். பயணத் தேதிக்கு மூன்று மாதத்துக்குள்தான் விண்ணப்பிக்க முடியும். பொதுவாக மூன்று வாரத்தில் முடிவு தெரிந்துவிடும். பிரித்தானிய அரசின் தளத்தில் படிவத்தை நிரப்பிப் பணம் கட்டிவிட்டு, விசா விண்ணப்பங்களை வாங்கும் விஎஃப்எஸ் மையத்தில் கைரேகையும் புகைப்படமும் கொடுக்க வேண்டும். சென்னையிலும் கொச்சியிலும் மையம் உண்டு. எங்கள் படகுகள் கொச்சித் துறைமுகத்தில்தான் மீன் இறக்கும் என்பதால், அண்ணன் கரை சேர்ந்த மறுநாள் அங்கேயே போய்க் கைரேகை கொடுத்துவிட்டோம்.

மாதச் சம்பளக்காரர்களுக்கு இதில் பெரிய கஷ்டம் இல்லை. சம்பளச் சீட்டு, விடுப்புக் கடிதம், ஆறு மாத வங்கிக் கணக்கு இருந்தால் வேலை முடிந்தது. அண்ணனைப் போன்றவர்களுக்குத்தான் கவனம் வேண்டும். கடல் வருமானம் மாதாமாதம் ஒரே தொகையாக வராது. ஒரு தடவை போய்வந்தால் பங்கு ஒரு லட்சத்தைத் தாண்டும். அடுத்த தடவை டீசல் செலவு போக ஒன்றும் மிஞ்சாது. வங்கிக் கணக்கைப் பார்க்கிற அதிகாரிக்கு, திடீரென்று வந்து விழுந்த பெரிய தொகை பயணத்துக்காகக் கடன் வாங்கிப் போட்ட பணமாகத் தெரியும். அதனால் ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். எந்தத் தேதியில் படகு போனது, எந்தத் தேதியில் மீன் இறங்கியது, ஏலத்தில் வந்த பணத்தில் அண்ணனின் பங்கு எவ்வளவு, அது எந்த நாளில் கணக்கில் ஏறியது என்று வரிசையாகக் குறித்தேன். படகின் பதிவுச் சான்று, ஏலக் கணக்குச் சீட்டு, மீனவர் சங்க உறுப்பினர் அட்டை, வருமான வரிக் கணக்கு எல்லாவற்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு சேர்த்தேன். நாள் முழுக்க மற்றவர்களுக்குப் படிவம் நிரப்புகிறவன் என்பதால் இது தெரியும்: காகிதம் எத்தனை என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு காகிதத்தில் இருக்கும் தொகை அடுத்த காகிதத்தோடு ஒத்துப்போகிறதா என்றுதான் பார்ப்பார்கள். விண்ணப்பிக்கிற வாரத்தில் மாமா, மச்சானிடம் வாங்கிக் கணக்கில் பணம் போடாதீர்கள். இருப்பதைக் காட்டி, அதற்குத் தகுந்த பயணமாகப் போடுங்கள்.

எதற்குப் போகிறீர்கள் என்ற கேள்விக்கு உள்ளதை அப்படியே எழுதலாம். கால்பந்து ஆட்டம் பார்க்க என்றே எழுதினோம். இரண்டு பேருக்கும் விசா வந்தது.

டிக்கெட்

இனி வருவதுதான் முக்கியமான பகுதி. லிவர்பூல் மாதிரி பெரிய கிளப்பின் லீக் ஆட்டத்துக்கு நேரே போய் டிக்கெட் வாங்க முடியாது. முதலில் உறுப்பினராக வேண்டும். அதற்கு ஒவ்வொரு சீசனுக்கும் தனிக் கட்டணம். கோடையில், சீசன் தொடங்குமுன், உறுப்பினர்களுக்குக் குலுக்கல் நடக்கும். அதில் பெயர் வந்தால் டிக்கெட், வராவிட்டால் இல்லை. உறுப்பினர் ஆவது டிக்கெட்டுக்கு உத்தரவாதம் கிடையாது, குலுக்கலில் பெயர் போட ஒரு வழி மட்டும்தான். இரண்டு பேர் போகிறீர்கள் என்றால் இரண்டு பேரும் தனித்தனியாக உறுப்பினராக வேண்டும். ஜூலைக்குள் இதை முடித்துவிடுங்கள்.

இன்னொரு நேர்வழி உண்டு. சாப்பாட்டோடு சேர்த்துக் கிளப்பே விற்கும் ஹாஸ்பிடாலிட்டி இருக்கை. தலைக்குப் பல நூறு பவுண்டு. வசதி இருந்தால் அதை எடுப்பதில் எந்தத் தப்பும் இல்லை. இருக்கை உறுதி, மனநிம்மதியும் உறுதி.

நாங்கள் குறி வைத்தது செப்டம்பர் 21, சனிக்கிழமை, போர்ன்மத்துடனான ஆட்டம். குலுக்கலில் இரண்டு பேர் பெயரும் வரவில்லை. அப்போதுதான் தப்புச் செய்தேன். டிக்கெட் மறுவிற்பனை செய்யும் ஒரு தளத்தில், இரண்டு டிக்கெட்டுக்கு அண்ணனின் இரண்டு பயணப் பங்குக்குச் சமமான பணத்தைக் கட்டினேன். வேறு யாரோ ஒருவரின் உறுப்பினர் கணக்கிலிருந்து டிக்கெட் வரும், ஆட்டத்துக்கு முந்தைய நாள் அனுப்புவோம் என்றார்கள். வெள்ளிக்கிழமை இரவு 11 மணிக்கு, நாங்கள் ஏற்கெனவே லிவர்பூலில் இருக்கும்போது, டிக்கெட்டைக் கொடுக்க முடியவில்லை என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. அறையில் அண்ணனிடம் அதைச் சொல்ல எனக்கு அரைமணி நேரம் ஆனது. அவர் கோபப்படவில்லை. "வலை வெறுங்கையா வரும் மக்கா, அதுக்குக் கடலுக்குப் போகாம இருக்க முடியுமா" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். பாதிப் பணம் பல மாதம் கழித்துத் திரும்பி வந்தது.

இங்கிலாந்தில் அனுமதியில்லாமல் கால்பந்து டிக்கெட் மறுவிற்பனை செய்வது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வேறு நிகழ்ச்சிகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை, கால்பந்துக்கு உண்டு. மைதானத்துக்கு வெளியே கையில் வைத்து விற்கிறவரானாலும் சரி, அழகான இணையதளமானாலும் சரி, கிளப்பின் சொந்த மறுவிற்பனை வழியைத் தவிர வேறு எங்கும் வாங்காதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

சனிக்கிழமை எப்படியும் மைதானத்துக்குப் போவோம் என்றார் அண்ணன். மூன்று மணிக்கு ஆட்டம். கூட்டம் முழுக்க உள்ளே போய்த் தெரு காலியானது. வாக்கிங் டூரில் வந்தவர்கள் மாதிரி வால்டன் பிரெக் சாலையில் நின்றோம். ஏதாவது பப்பில் போய்ப் பார்க்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை அந்த நாட்டுத் தொலைக்காட்சியில் நேரலைக் கால்பந்து காட்டக் கூடாது என்பது பழைய ஏற்பாடு. டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டால் சின்ன கிளப்களின் ஆட்டத்துக்கு ஆள் வராது என்பதற்காக வைத்தது. தூத்தூரில் அண்ணன் மகன் வீட்டில் உட்கார்ந்து அந்த ஆட்டத்தைப் பார்க்கிறான். நாங்கள் அதே மைதானத்தின் சுவருக்கு வெளியே நிற்கிறோம்.

26ஆவது நிமிடத்தில் அந்தச் சத்தம் கேட்டது. காதில் விழுந்ததைவிட நெஞ்சில் விழுந்தது என்று சொல்ல வேண்டும். கடையின் இரும்பு ஷட்டர் லேசாக அதிர்ந்தது. அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். அரை நிமிடம் கழித்து வாட்ஸாப்பில் மகன்: "அப்பா கோல் டயஸ்". அதைப் படித்து முடிப்பதற்குள் இரண்டாவது சத்தம். மறுபடி டயஸ். அப்புறம் 37ஆவது நிமிடத்தில் நூன்யெஸ். ஒவ்வொரு முறையும் சத்தம் எங்களுக்கு முதலில் வந்தது, செய்தி ஊரிலிருந்து பின்னால் வந்தது. கடைசியில் 3-0. உள்ளே போக முடியாதவர்கள் அந்தத் தெருவில் ஒரு மணி நேரம் நிற்பதும் வீண் இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

எங்களுக்கு வாய்த்தது கோப்பை ஆட்டம். லீக்குக்கு வெளியே, தோற்றால் வெளியேற வேண்டிய தனிப் போட்டி அது. ஆகஸ்ட் கடைசியில் லீக் கோப்பையின் மூன்றாம் சுற்றுக்குக் குலுக்கல் நடந்து, லிவர்பூல் சொந்த மைதானத்தில் வெஸ்ட் ஹாமுடன் ஆடும் என்று வந்தது. தேதி செப்டம்பர் 25, புதன் இரவு எட்டு மணி. எங்கள் பயணத்துக்கு நடுவில் விழுந்தது. கோப்பை ஆட்டங்களுக்கு முந்தைய கோப்பை ஆட்டங்களுக்கு வந்தவர்களுக்கு முதலில் விற்பார்கள், மிச்சத்தை மற்ற உறுப்பினர்களுக்குக் கொடுப்பார்கள். அந்த மிச்சத்தில் இரண்டு கிடைத்தது, ஆன்ஃபீல்டு ரோடு மேல்தளத்தில், இரண்டு வரிசை தள்ளித் தள்ளி. ஆகவே முதல் தடவை போகிறவர்களுக்கு என் யோசனை: லீக் கோப்பை, எஃப்ஏ கோப்பையின் தொடக்கச் சுற்றுகள் நடக்கிற வாரத்தையும் உங்கள் பயணத்துக்குள் வருகிற மாதிரி வையுங்கள். வாரம் முன்கூட்டியே தெரியும். எதிரணியும் மைதானமும்தான் பிறகு தெரியும்.

போனை ஊரிலேயே சோதித்துப் பாருங்கள். டிக்கெட் காகிதத்தில் வராது, போனுக்குள் வரும். வாசலில் போனைத் தொட்டுக் காட்டித்தான் உள்ளே போக வேண்டும். அதற்கு என்எஃப்சி என்ற வசதி போனில் இருக்க வேண்டும். நம் ஊரில் விற்கும் குறைந்த விலைப் போன்கள் பலவற்றில் அது கிடையாது. அண்ணன் போனிலும் இல்லை. கிளம்புவதற்கு நாலு நாள் முன்னால்தான் கவனித்தேன். மைத்துனர் போனை மாற்றிக்கொண்டு வந்தோம்.

போக்குவரத்தும் தங்குமிடமும்

எங்களுக்குப் பக்கத்து விமான நிலையம் திருவனந்தபுரம். அங்கிருந்து வளைகுடா வழியாக நேரே மான்செஸ்டருக்கே போகலாம். லண்டனில் இறங்கி வடக்கே வர வேண்டிய அவசியம் இல்லை. மான்செஸ்டர் விமான நிலையத்திலிருந்தே லிவர்பூல் லைம் ஸ்ட்ரீட்டுக்கு ரயில் உண்டு. லண்டன் போவதாக இருந்தால் கடைசி இரண்டு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். யூஸ்டன் நிலையத்துக்கு இரண்டேகால் மணி நேரம். அன்றைக்கே போய் ரயில் டிக்கெட் வாங்கினால் விலை கண்ணைக் கட்டும். முன்பதிவில் பாதிக்கும் கீழே கிடைக்கும். இரண்டு பேர் சேர்ந்து போனால் இருவர் ரயில் அட்டை ஒன்று வாங்கிக்கொள்ளலாம். நாங்கள் வாங்கியபோது 30 பவுண்டு, இப்போது 35. கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும், வார நாளில் காலை 9.30க்கு முன் மட்டும் செல்லாது. லண்டன் போய்வந்ததிலேயே அந்தப் பணம் திரும்பிவிட்டது.

ஆட்ட நாட்களில் லிவர்பூல் நகரத்து அறை வாடகை ஏறிவிடும். ஆற்றுக்கு அக்கரையில் பர்க்கன்ஹெட்டில் தங்குங்கள். ஹாமில்டன் ஸ்கொயர் நிலையத்தில் ஏறினால் ஆற்றுக்கு அடியிலேயே ஓடி அடுத்த நிலையத்தில் நகரத்துக்குள் இறங்கிவிடலாம். 1886இல் திறந்த சுரங்கம் அது.

வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆப்பில் திறந்துவிட்டுப் போங்கள். பிளக் மூன்று தட்டைக் காலோடு வேறு மாதிரி இருக்கும், ஒரு அடாப்டர் போதும். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். செப்டம்பர் இறுதி இரவில் குளிர் 10 டிகிரிப் பக்கம் வரும். மேல்தளத்தில் காற்றும் சேரும். குடை உள்ளே உதவாது, மழைக்கோட்டு வேண்டும்.

ஆட்டத்தன்று

லைம் ஸ்ட்ரீட்டிலிருந்து ஆன்ஃபீல்டுக்கு இரண்டு மைல்தான். பேருந்து உண்டு என்றாலும் போகும்போது நடங்கள். பெரிய பை வேண்டாம், வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். மூன்று மணி நேரம் முன்னால் போய்விட்டால் சுற்றிப் பார்க்க எவ்வளவோ இருக்கிறது. எதிரிலேயே ஓக்ஃபீல்டு சாலையில் ஹோம்பேக்டு என்று ஒரு பேக்கரி. மூடிப் போன கடையை அந்தத் தெருக்காரர்களே கூட்டுறவாக எடுத்து நடத்துகிறார்கள். உள்ளே கறி வைத்துச் சுட்ட 'பை' என்ற பண்டம் ஒன்றை அங்கே சுடச்சுட வாங்கிக் கையில் வைத்துக்கொண்டால் குளிரும் தெரியாது, பசியும் தெரியாது. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் கேட்டு வாங்குங்கள்.

மெயின் ஸ்டாண்டுப் பக்கம் ஹில்ஸ்பரோ நினைவிடம் இருக்கிறது. 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டில் ஆட்டம் பார்க்கப் போய் நெரிசலில் உயிரிழந்த 97 பேரின் பெயர்களும் வயதும் அங்கே உண்டு. பதின்ம வயதுக்காரர்கள் நிறைய. அங்கே சிரித்துக்கொண்டு செல்ஃபி எடுக்க வேண்டாம். அண்ணன் ஒவ்வொரு பெயராக விரலை வைத்துப் படித்தார். எங்கள் ஊரில் ஒக்கிப் புயலில் போனவர்களின் பெயரையும் அப்படித்தான் படிப்போம். நடந்ததற்கு ரசிகர்கள்மேலேயே பழி போட்டு பொய்ச் செய்தி வெளியிட்ட 'தி சன்' பத்திரிகையை அந்த நகரத்தில் இன்றும் பலர் வாங்குவதில்லை, பல கடைகளில் விற்பதும் இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு நடக்காதீர்கள்.

நேரம் இருந்தால் ஸ்டான்லி பூங்காவைக் கடந்து எதிர்ப்பக்கம் போங்கள். அங்கே எவர்டனின் பழைய மைதானம் குடிசன் பார்க் இருக்கிறது. ஆன்ஃபீல்டில் முதலில் ஆடியதே எவர்டன்தான், 1884 முதல். 1892இல் வாடகைத் தகராறில் அவர்கள் பூங்காவைத் தாண்டிப் போய்விட, காலி மைதானத்தை வைத்துக்கொண்டு தொடங்கியதுதான் லிவர்பூல் கிளப். எவர்டன் ஆண்கள் அணி 2025இல் ஆற்றோரத்து புது மைதானத்துக்குப் போய்விட்டது. குடிசனில் இப்போது பெண்கள் அணி ஆடுகிறது. அந்த ஆட்டங்களுக்கும் போகலாம்.

இரண்டு அணி நிறமும் பாதிப் பாதியாக இருக்கும் கழுத்துத் துண்டை வெளியே விற்பார்கள். அங்கத்தியவர்களுக்கு அது பிடிக்காது. ஒரே அணியின் துண்டாக வாங்குங்கள். உங்கள் இருக்கை இருக்கும் பகுதியில் எதிரணிச் சட்டையும் வேண்டாம். மது விற்பார்கள், ஆனால் ஆடுகளம் கண்ணில் படும் இடத்தில் குடிக்கச் சட்டம் விடாது. ஆட்டம் தொடங்க பத்து நிமிடம் முன்னால் கட்டாயம் இருக்கையில் இருங்கள். துண்டைத் தலைக்கு மேல் விரித்து மொத்தக் கூட்டமும் பாடும் 'யூல் நெவர் வாக் அலோன்' என்ற பாட்டை, வரி தெரியாவிட்டாலும் எழுந்து நின்று கேட்க வேண்டும். நான் அழுதேன். இரண்டு வரிசை கீழே அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார், அவரும்தான்.

முதல் கோலே நம் தடுப்பாட்டக்காரர் மேல் பட்டு நம் வலைக்குள் போனது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் மௌனமாவது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. நாலு நிமிடத்தில் ஜோட்டா சமன் செய்தார். கடைசியில் 5-1. கடைசி இரண்டு கோலும் 90 நிமிடம் நெருங்கி, அதைத் தாண்டித்தான் வந்தன. பேருந்தைப் பிடிப்பதற்காக முன்னாலேயே கிளம்பியவர்கள் அதை இழந்தார்கள். விசில் ஊதும்வரை எழாதீர்கள். திரும்பும்போதும் கூட்டத்தோடு நடந்தே வந்துவிடலாம்.

ஆறும் சின்ன மைதானமும்

ஆட்டம் இல்லாத நாட்களை வீணாக்காதீர்கள். பியர் ஹெட்டில் மெர்சி ஆற்றங்கரையில் நாங்கள் முதலில் நின்றது பௌர்ணமி கழிந்து இரண்டாம் நாள் மாலை. கரைச் சுவரில் பாசி பிடித்த ஈரக் கோடு எங்கள் தலைக்கு மேலே இருந்திருக்கும். தண்ணீர் அவ்வளவு கீழே கிடந்தது. எங்கள் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர்கூட வித்தியாசம் வராது. இங்கே பெரிய ஏற்ற நாட்களில் பத்து மீட்டர் வரை வரும். "இதுல படகை எங்கே கட்டுவானுக?" என்று அண்ணன் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் 1715இல் கதவு வைத்துத் தண்ணீரை உள்ளேயே பிடித்துவைக்கும் துறையை அங்கே கட்டினார்கள். உலகில் வணிகக் கப்பலுக்கான முதல் மூடிய துறை அது. 1846இல் திறந்த ஆல்பர்ட் டாக் இன்றும் நிற்கிறது. நீரோரமாகவே நடந்து பார்க்கலாம், செலவில்லை.

ஒருநாள் மெர்சிரெயிலில் வடக்கே கிராஸ்பி போங்கள். நிலையத்தின் பெயர் பிளண்டல்சாண்ட்ஸ் அண்ட் கிராஸ்பி. இறங்கிக் கடற்கரைக்கு நடந்தால் மணலில் மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு நூறு இரும்பு மனிதர்கள் கடலைப் பார்த்தபடி நிற்கிறார்கள். ஏற்றத்தில் சிலர் மூழ்கிப்போவார்கள். அவர்களைத் தேடி மணலில் தூரமாகப் போகாதீர்கள். சேறு காலை இழுக்கும், தண்ணீர் வேகமாக ஏறும். கிளம்புமுன் அன்றைய ஏற்ற நேரத்தைப் போனில் பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் போனபோது தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. துருப்பிடித்த ஒரு தோளில் கையை வைத்துக்கொண்டு அண்ணன் ரொம்ப நேரம் நின்றார். அப்பால் சரக்குப் பெட்டிக் கப்பல் ஒன்று ஆற்றுக்குள் திரும்பிக்கொண்டிருந்தது.

அதே கிராஸ்பியில் மரைன் என்று ஒரு சின்ன கிளப் இருக்கிறது. பெயரைக் கேட்டதுமே அண்ணன் போக வேண்டும் என்றார். 2021 ஜனவரியில் எஃப்ஏ கோப்பையில் டோட்டன்ஹாம் வந்து ஆடிய இடம். கொரோனா காலம், உள்ளே பார்வையாளர் கிடையாது. அந்தக் கிளப்புக்கு உதவுவதற்காக உட்காரவே முடியாத டிக்கெட் 30 ஆயிரத்துக்கு மேல் விற்றது. மரைன் 5-0 என்று தோற்றது. மைதானத்தின் ஒரு பக்கம் வீடுகளின் பின்தோட்டத்து வேலியோடு முடிகிறது. பந்து வேலிக்கு அப்பால் போனால் யாராவது எடுத்து வீசுவார்கள்.

இந்த மாதிரி ஆட்டத்துக்கு உறுப்பினர் அட்டையும் வேண்டாம், குலுக்கலும் வேண்டாம். வாசலில் பணம் கொடுத்து உள்ளே போகலாம். ஆன்ஃபீல்டுக்குப் போகிற எல்லோரும் இப்படி ஒரு ஆட்டத்தையும் சேர்த்துப் பார்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கம்பி வேலியில் கையை ஊன்றி நின்றால், பந்து காலில் படும் சத்தமும் ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் திட்டுவதும் கேட்கும். தூத்தூர் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை கேட்கும் அதே சத்தம்.

வாசலில் பணம் வாங்கிய பெரியவர் எங்கள் முகத்தைப் பார்த்து, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். இந்தியா என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் "தூத்தூர்" என்றார். அவர் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, உங்கள் கிளப்பின் சட்டை என்ன நிறம் என்று கேட்டார்.